வேற கிரகத்துக்காரருக்கு எந்தப் புத்தகம்?

மார்ச் 2

வேற கிரகத்துலேர்ந்து ஒருத்தர் வந்து இறங்கி, உங்க மனுஷ இனத்தப் புரிஞ்சுக்கணும், ஒரே ஒரு புத்தகம் குடுங்கன்னு கேட்டா எதக் குடுக்கறது? மொழி பிரச்சனை இல்லன்னு வச்சுக்கறேன், எதையும் படிச்சுக்குவார்.

முதல்ல தோணுனது என்சைக்ளோபீடியா, உடனே வேணாம்னு ஆயிடுச்சு. நாம என்னென்ன கண்டுபிடிச்சோம்னு அதுல இருக்கும், நாம யாருன்னு இருக்காது. இவ்ளோ தூரம் பயணம் பண்ணி வந்தவருக்கு நம்ம இயற்பியல் எதுக்கு.

மார்ச் 4

இதே மாதிரி ஒரு வேலைய நிஜமாவே செஞ்சிருக்காங்க. 1977ல ரெண்டு வாயேஜர் விண்கலத்துலயும் தங்க முலாம் பூசுன செம்பு இசைத்தட்டு வச்சு அனுப்புனாங்க, 55 மொழில வாழ்த்து, 115 படம், ஒன்றரை மணி நேர இசை, திமிங்கலச் சத்தம் கூட உண்டு. (தெலுங்கு இருக்கு, கன்னடம் இருக்கு, தமிழ் இல்ல. எனக்கு அது இன்னமும் வருத்தம்தான்.) வானியல் விஞ்ஞானி கார்ல் சேகன் தலைமைல ஒரு குழு உக்காந்து தேர்ந்தெடுத்தது. போர், நோய், குற்றம், வறுமை இதெல்லாம் வேணும்னே விட்டுட்டாங்க. முகம் தெரியாதவங்களுக்கு முதல் தடவ அனுப்பறப்ப அது சரிதான். ஆனா நேர்ல வந்து நிக்கறவர்கிட்ட எப்படி மறைக்கறது, நாலு இடம் சுத்துனா அவரே பாத்துருவார், அப்புறம் நாம குடுத்த எதையுமே நம்ப மாட்டார்.

மார்ச் 7

குறள்னு சொல்லத்தான் வாய் வருது. 1330 குறள்ல எந்த ஒரு நாட்டுப் பேரும் ராஜா பேரும் முக்கியமில்ல, வெளியாளுக்கு இத விடத் தோதா ஒண்ணு கிடைக்காது. ஆனா அறத்துப்பாலும் பொருட்பாலும் மனுஷன் எப்படி இருக்கணும்னு சொல்ற பகுதி. சூது, கள்ளுண்ணாமைன்னு அதிகாரம் வச்சிருக்கார்னா அதெல்லாம் தாராளமா நடந்திருக்குன்னு நமக்குப் புரியும், வந்தவருக்குப் புரியுமா? கடைசி 250 குறள்ல மட்டும்தான் மனுஷங்க இருக்கற மாதிரியே இருக்காங்க. கோவிச்சுக்கறது, காத்துக் கெடக்கறது, நேர்ல வந்து அன்பு காட்டாதவன் கனவுல மட்டும் வந்து ஏன் என்னப் படுத்தறான்னு கேக்கறது. அத மட்டும் தனியாப் பிச்சுக் குடுக்க மனசு வரல.

மார்ச் 12

கில்காமெஷ். ராத்திரி திரும்ப எடுத்துப் படிச்சேன், இதுதான்னு தோணிடுச்சு.

மெசபடோமியால, அதாவது இப்ப ஈராக் இருக்கற பக்கம், கிட்டத்தட்ட 4000 வருஷம் முன்னாடி உருவான கதை, களிமண் பலகைல எழுதுனது. ஆரம்பத்துலயே கில்காமெஷ் நல்ல ராஜா இல்ல, ஊர் ஜனங்கள நிம்மதியா இருக்க விடாதவன். அவன அடக்கத்தான் கடவுளுங்க களிமண்லேர்ந்து என்கிடுன்னு ஒருத்தனப் படைக்கறாங்க. காட்டுல மிருகங்களோட புல் மேஞ்சு திரியற என்கிடு ஷம்ஹத்ங்கற பொண்ணோட சேந்து இருந்தப்புறம் மிருகங்கள் அவனப் பாத்து ஓடிருது. ரொட்டியக் குடுத்தா எப்படித் திங்கறதுன்னு தெரியாம முழிக்கறான். மனுஷனா ஆகறதுன்னா எத விட்டு எத வாங்கிக்கறதுன்னு இத விட நல்லா யாரும் சொல்லிக் கேட்டதில்ல.

அப்புறம் கில்காமெஷும் என்கிடுவும் நண்பர்களாகி, சேந்து தேவதாரு காட்டுக்குப் போய் காவல்காரனக் கொன்னு மரத்த வெட்டறாங்க. சாகப்போற நேரத்துல என்கிடு தன்ன ஊருக்குக் கொண்டு வந்த ஷம்ஹத்தக் கன்னாபின்னான்னு சபிக்கறான், சூரியக் கடவுள் எடுத்துச் சொன்னதும் அதே வாயால வாழ்த்தறான். எனக்கு இந்த எடம் படிக்கறப்பல்லாம் தொண்டை அடைக்குது. செத்த நண்பனப் புதைக்க விடாம ஆறு பகல் ஏழு ராத்திரி அழுதுட்டு உக்காந்திருக்கான் கில்காமெஷ், மூக்குலேர்ந்து ஒரு புழு விழற வரைக்கும். அதப் பாத்தப்புறம்தான் அவனுக்கு நாமளும் சாவோம்ங்கற பயமே வருது, சாவுக்கு மருந்து தேடிப் போறான், இளமையத் திருப்பித் தர்ற செடி கையில கிடைக்குது, குளிக்கப் போன நேரத்துல பாம்பு கொண்டு போயிருது, வெறுங்கையோட ஊர் திரும்பறான்.

வாயேஜர் தட்டுல விட்டுப்போனதெல்லாம் இதுல இருக்கு.

மார்ச் 13

புத்தகம் கிடைச்ச கதையையும் அவர்கிட்ட சொல்லணும். மெசபடோமியாவோட நினிவே நகரம் கிமு 612ல அழிஞ்சப்ப இந்தப் பலகைங்க இருந்த நூலகமும் மண்ணுக்குள்ள போயிருச்சு. அந்த எழுத்தப் படிக்கத் தெரிஞ்ச கடைசி ஆளும் செத்து ரொம்ப நூற்றாண்டு கழிச்சு, 1853ல தொல்லியல் ஆய்வாளர் ஹோர்முஸ்த் ரஸ்ஸாம் தோண்டி எடுத்தார், 1872ல ஜார்ஜ் ஸ்மித்ங்கற அறிஞர் அதுல வர்ற பெருவெள்ளத்தப் பத்துன கதையப் படிச்சு சொன்னார். யாரோ ஒருத்தன் நண்பனுக்காக அழுதத இன்னொரு காலத்து ஆளுங்க உக்காந்து எழுத்தெழுத்தாப் படிச்சு மீட்டிருக்காங்க. இதுவும் மனுஷங்க பண்ற வேலைதான?

மார்ச் 16

ராஜா கதைதான, சாதாரண ஜனங்க எங்கன்னு கேட்டா பதில் கஷ்டம்தான். பொண்ணுங்களும் கொஞ்சமாத்தான் வர்றாங்க, வந்தாலும் அவங்க மனசுக்குள்ள கதை போறதில்ல. இந்தக் குறை எனக்கு உறுத்துது, ஆனாலும் தேர்வ மாத்தல.

இன்னொரு விஷயம், எந்தப் பதிப்பு. விட்டுப்போன வரிகள ஊகிச்சு நிரப்புன பதிப்பு படிக்க சுகமா இருக்கும், அது வேணாம். பலகை உடைஞ்ச எடத்துல புள்ளி வச்சு விட்டிருக்கற பதிப்புதான் குடுப்பேன். 2011ல ஈராக்ல ஒரு மியூசியம் வாங்குன பலகைல தேவதாரு காட்டுப் பகுதிக்குப் புது வரிகள் கிடைச்சுது, அதுல காட்டப் பாழாக்கிட்டோமேன்னு என்கிடு வருத்தப்படறான். அத்தன வருஷம் அந்த வருத்தம் இல்லாமலேதான் இந்தக் கதைய எல்லாரும் படிச்சிருக்காங்க. அதனால புள்ளிகளக் காட்டி மீதி எங்கன்னு அவர் கேட்டா, இன்னும் தேடிட்டுதான் இருக்கோம்னு சொல்லுவேன்.