ரொக்கோகோ கடிகாரச் சட்டம்: மூன்றாவது வாரம்

இடதுபக்கச் சுருளை நேற்று மறுபடியும் சுரண்டி எறிந்தேன். இதோடு மூன்று முறை.

பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி காலத்தில், சுருளும் சிப்பியும் இலையுமாக அலங்கரிக்கும் ரொக்கோகோ பாணியில் பாரிஸில் செய்த 'கார்ட்டெல்' சுவர்க்கடிகாரம் மாதிரி ஒரு சட்டம் செய்து பார்க்கிறேன். முன்மாதிரி, 1740 வாக்கில் ஷார்ல் கிரெஸ்ஸான் என்ற பாரிஸ் மரவேலைக்காரர் செய்தது. லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உச்சியில் சிறகு வைத்த காதல் தேவன், அடியில் தோற்றுச் சாய்ந்து கிடக்கும், காலத்தின் உருவமான கிழவர். உருவங்கள் எனக்குக் கைவராது. அதனால் சுருளும் இலையும் சிப்பியும் மட்டும், பிளைவுட் மேல் எபாக்ஸி புட்டியில்.

முதல் தப்பு, காகிதத்தை இரண்டாக மடித்து வரைந்தது. பிரித்தால் திருவாசி மாதிரி நின்றது. அழகுதான், ஆனால் ரொக்கோகோ இல்லை. இந்தப் பாணியில் இடதும் வலதும் ஒன்றாக இருக்கக் கூடாது. இந்தப் பக்கம் ஒரு சுருள் தூக்கினால், எதிர்ப்பக்கம் கீழே ஓர் இலை தொங்கி எடையைச் சரிக்கட்ட வேண்டும். இரண்டாவது முறை மடிக்காமல் வரைந்தேன். கடிகாரம் சுவரில் கோணலாக மாட்டியது போலத் தெரிந்தது. இப்போதுள்ள வடிவம் சுமார்.

அசலில் இதெல்லாம் வெண்கல வார்ப்பு. அச்சிலிருந்து வரும்போது சொரசொரவென்றுதான் இருக்குமாம். இலை நரம்பு, சிப்பியின் வரி எல்லாம் பிறகு உளியால் எடுத்தவை. நானும் புட்டி காய்ந்தபின் கத்தியால் கீறினேன். அந்த ஒரு மணி நேரத்தில் வந்த உயிர், முன்னால் பிசைந்த இரண்டு நாளில் வரவில்லை. வார்ப்பவர், முலாம் பூசுபவர் சங்கங்கள் அன்று தனித்தனி. மரவேலைக்காரரான கிரெஸ்ஸான் அந்த வேலைகளையும் தன் பட்டறையிலேயே செய்ததால் சங்கங்கள் அவர் மேல் வழக்குப் போட்டன.

முலாம்தான் பயங்கரம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக ஓட்டுவார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுக்கம், அற்பாயுசு. நான் போலித் தங்க ரேக்கைக் கோந்து தடவி ஒட்டினேன். கோந்து பிசுபிசுக்கும் பதத்துக்கு வருமுன் அவசரப்பட்டதில், ஒரு சிப்பி முழுக்கச் சுருங்கிப் போனது. சரி, அதைத் தேய்த்தெடுத்து மறுபடி. இன்னொன்றும் தெரிந்தது: எல்லா இடமும் மின்னினால் கல்யாணப் பந்தல்தான். மேடுகளை மட்டும் வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கி, பள்ளங்களை மங்கலாகவே விட்டேன். அதன் பிறகுதான் சுருள் திரும்புவதே கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்தது டயல். மணிக்கொரு வெள்ளை எனாமல் வில்லை, ரோமன் எண்கள். நாலுக்கு நாலு கோடு (IIII) போடுவதுதான் பிரெஞ்சு வழக்கம். எனாமலுக்குப் பதில் வெள்ளை நெயில் பாலிஷ் வாங்கி வைத்திருக்கிறேன். உள்ளே நூற்றைம்பது ரூபாய் பேட்டரி மெஷின், மணி அடிக்காது.