புளோரன்ஸுக்குப் போன குக்கர்

பீசாவில் படிக்கிறேன் என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் நான் பீட்சா கடையில் வேலை பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேருக்குச் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும். வந்துபோகிறவர்களை எல்லாம் நிற்கவைத்து, "இன்னும் கொஞ்சம் இடது கை, இன்னும் கொஞ்சம்" என்று எட்டு மாதம் போட்டோ எடுத்துக் கொடுத்து அலுத்துப்போன நிலையில்தான், ரயிலில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய புளோரன்ஸுக்கு ஒரு சனி, ஞாயிறு போய்வருவது என்று முடிவாயிற்று.

திட்டம் போட்டது சேலம். எங்கள் வீட்டில் மூன்று பேர். ஊர்ப் பெயரில்தான் கூப்பிட்டுக்கொள்வோம். சேலம், நெல்லை, அப்புறம் தஞ்சாவூராகிய நான். இத்தாலியில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். ஆகவே சனிக்கிழமை தெருவில் இருப்பதை ஓசியில் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை கட்டடத்துக்குள் இருப்பதை ஓசியில் பார்ப்பது. "மைக்கேலாஞ்சலோவோட டேவிட் சிலைய அஞ்சு பைசா செலவில்லாம பாக்குறோம், மச்சான்" என்றான். தங்குவதற்கு ஒரு மலிவான ஹாஸ்டல். அங்கே பொதுச் சமையலறை உண்டு என்று நெல்லை படித்துச் சொன்னான். "பாத்திரம் இருக்கும். குக்கர் இருக்காது" என்றும் சொன்னான். குக்கர் என்னுடையது, அம்மா கொடுத்தனுப்பிய 3 லிட்டர் குக்கர். ஆகவே சுமந்தவனும் நானே.

பீசா ஸ்டேஷனில் நெல்லை எங்கள் காகித டிக்கெட்டுகளை வாங்கிக்கொண்டுபோய், நடைமேடையில் இருக்கும் சின்ன மெஷினில் நுழைத்து முத்திரை குத்திக்கொண்டு வந்தான். இங்கே சாதா ரயிலில் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, ஏறுவதற்கு முன் அதையும் செய்ய வேண்டும். அவன் செய்ததால் நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

புளோரன்ஸில் முதலில் கதீட்ரல். உள்ளே போகக் காசு கிடையாது, ஆனால் முழங்கால் தெரியக் கூடாது. சேலம் அரைக்கால் சட்டையில் வந்திருந்தான். வாசலில் இருந்தவர் தலையை ஆட்டிவிட்டார். என் பையைத் திறந்து, குக்கருக்கு அடியில் இருந்த நெல்லையின் கட்டம் போட்ட லுங்கியை எடுத்துக் கொடுத்தோம். சட்டைக்கு மேலேயே சுற்றிக்கொண்டு மறுபடி வரிசையில் வந்தான். அவர் மேலும் கீழும் பார்த்தார். முழங்கால் மறைந்திருந்தது. விதியில் அதற்குமேல் எதுவும் எழுதவில்லை போலிருக்கிறது, விட்டுவிட்டார்.

உள்ளே வாசலுக்கு மேலேயே ஒரு பெரிய கடிகாரம், பாவ்லோ உச்செல்லோ வண்ணம் தீட்டியது. முள் இடப்பக்கமாகச் சுற்றுகிறது, பொழுது சாய்வதிலிருந்து நாளை எண்ணுகிறது. "எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுலயும் இப்படி ஒண்ணு இருக்கு" என்றான் சேலம். நெல்லை சிவில் எஞ்சினியரிங். அவன் குவிமாடத்துக்கு அடியில் போய் நின்றவன் அசையவில்லை. 1296-இல் கோயிலைக் கட்டத் தொடங்கியவர்களுக்கு இவ்வளவு அகலத்தை மேலே எப்படி மூடுவது என்று தெரியாதாம். 1420-இல் புரூனெல்லெஸ்கி வந்து, தரையிலிருந்து சென்ட்ரிங் அடிக்காமலே செங்கல் செங்கலாக உள்ளே சாய்த்துக்கொண்டுபோய் 1436-இல் மூடியிருக்கிறார். "சென்ட்ரிங் இல்லாம! சென்ட்ரிங் இல்லாம!" என்று லுங்கி கட்டியவனின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். மேலே ஏற 463 படி, அதற்கு டிக்கெட். நாங்கள் கீழேயே நின்று கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு வந்தோம்.

எதிரே ஞானஸ்நானக் கூடத்தின் தங்கக் கதவு. கிபெர்ட்டி 27 வருஷம் உழைத்துச் செய்தது. மூவரும் அதன் முன்னால் தனித்தனியாகவும் சேர்ந்தும் படம் எடுத்து, நான் குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். பக்கத்தில் ஒரு வழிகாட்டி தன் கூட்டத்திடம் ஆங்கிலத்தில் சொன்னது காதில் விழுந்தது: இது நகல், அசல் கதவு அந்தப் பக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழுவில் அதற்குள் சித்தப்பா, "அருமை, சுத்தத் தங்கமா?" என்று கேட்டிருந்தார். பதில் போடவில்லை.

சந்தையில் ஒரு வெண்கலக் காட்டுப்பன்றி இருக்கிறது. அதன் மூக்கைத் தடவி, வாயில் காசு வைத்து, அது கீழே கம்பிச் சட்டத்துக்குள் விழுந்தால் அதிர்ஷ்டம். மூக்கு மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. நான் இரண்டு சென்ட் வைத்தேன். பட்டுத் தெறித்து ஒரு ஜெர்மன் பாட்டியின் செருப்பில் விழுந்தது. நெல்லை போனைப் பார்த்துவிட்டு, "அசல் பன்றி பர்தினி மியூசியத்துல இருக்காம்டா" என்றான். நகல் பன்றியின் அதிர்ஷ்டம் இரண்டு சென்டுக்கு இவ்வளவுதான் வரும்.

சின்யோரியா சதுக்கத்தில் டேவிட் நிற்கிறார். அதுவும் நகல்தான், ஆனால் இது எங்களுக்கு முன்பே தெரியும். அசல் 1504 முதல் 1873 வரை இதே இடத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கிறது. நடுவில் 1527 கலவரத்தில் மேலிருந்து யாரோ வீசிய பெஞ்சு பட்டு இடது கை உடைந்து, ஒட்டவைத்திருக்கிறார்கள். அப்புறம்தான் உள்ளே கொண்டுபோனார்கள். நகலை இங்கே நிறுத்தியது 1910-இல். வீட்டுக்கு அனுப்புவதற்காக நான் இடுப்போடு வெட்டி எடுத்தேன். பாட்டி குரல் செய்தி அனுப்பினாள்: "ஏன்டா பாதியோட நிறுத்திட்ட, அதுக்குக் காலு இல்லையா?"

பக்கத்திலேயே சிங்கச் சிலை: நகல். தொனத்தெல்லோ செய்த யூதித் சிலை: நகல். எனக்குச் சந்தேக புத்தி வந்துவிட்டது. மண்டபத்தில் மெடூசாவின் தலையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் கிரேக்கக் கதை வீரன் பெர்சியஸின் சிலையைக் காட்டி, அங்கே நின்ற ஒரு வழிகாட்டி அம்மாவிடம், "இது அசலா?" என்று கேட்டேன். "செல்லினி செய்த அசல்தான்" என்றார் பெருமையோடு. போனை எடுத்தேன். சார்ஜ் தீர்ந்திருந்தது. அவரே கொஞ்சம் யோசித்துவிட்டு, "பீடம் மட்டும் நகல்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

மத்தியானம் ஒரு தள்ளுவண்டியில் லம்பிரெடோட்டோ சாப்பிட்டோம். மாட்டின் நாலாவது வயிற்றை வேகவைத்து, நறுக்கி, ரொட்டியில் வைத்து, ரொட்டியின் மேல்பாதியை அந்தக் கொதிநீரிலேயே ஒரு முக்கு முக்கித் தருகிறார்கள். போட்டிக் கறி சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. மிளகு போதவில்லை என்பதுதான் குறை. ரொட்டியில் உப்பே இல்லை. கடைக்காரர் எங்கே படிக்கிறீர்கள் என்று கேட்டார். பீசா என்றேன். மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "வாசலில் பீசாக்காரன் நிற்பதைவிட வீட்டில் பிணம் கிடப்பது மேல்" என்று இந்தப் பக்கத்தில் ஒரு பழமொழி இருக்கிறது. அதை ராகம் போட்டுச் சொன்னார். ரொட்டியில் உப்பில்லாததற்கும் பீசாதான் காரணமாம். அந்தக் காலத்தில் துறைமுகத்திலிருந்து உப்பு வராமல் மறித்துவிட்டார்களாம். கதைதான். ஆனால் எண்ணூறு வருஷத்து உப்புக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி பச்சைச் சட்னி ஊற்றினார்.

சாயங்காலம் ஆற்றுக்கு அக்கரை மேட்டில் ஏறிச் சூரியன் மறைவதைப் பார்த்தோம். ஊர் முழுக்கச் செம்மண் நிறம், நடுவில் குவிமாடம். திரும்பிப் பார்த்தால் பின்னால் வெண்கலத்தில் இன்னொரு டேவிட். ஒரே நாளில் இரண்டு நகல் டேவிட்.

ராத்திரி ஹாஸ்டல் சமையலறையில் சாதமும் பருப்பும் வைத்தோம். முதல் விசிலுக்கு ஒரு கொரிய மாணவி ஓடிவந்தாள். இரண்டாவதுக்கு நாலு பேர் கதவைத் திறந்தார்கள். மூன்றாவதுக்கு வரவேற்பில் இருந்த பையனே வந்து, தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மூடியைத் திறந்து, நெய் விட்ட பருப்புச் சாதத்தில் ஒரு கிண்ணம் கொடுத்தோம். அடுத்த கிண்ணத்துக்கு அவனே வந்தான்.

ஞாயிறு காலை அறையைக் காலி செய்துவிட்டு, மூட்டையோடு அசல் டேவிட் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போனோம். வரிசை தெருமுனை திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது. திருப்பதி தர்ம தரிசனத்தில் கூடக் கம்பிக்குள் உட்கார இடம் கிடைக்கும்; இங்கே நடைபாதைதான். இரண்டரை மணி நேரம். கடைசியில் வாசலுக்கு வந்ததும் காவலர் என் முதுகைப் பார்த்தார். பெரிய பை உள்ளே வரக் கூடாது, வைத்துவிட்டுப் போக அறையும் கிடையாது. விதிகள் இணையத்தில் தெளிவாகவே இருக்கின்றன, படிக்காதது நாங்கள். பையில் என்ன என்று கேட்டார். திறந்து காட்டினேன். குக்கரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னொரு காவலரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அதில் எனக்குப் புரிந்தது "மம்மா" என்ற ஒரு சொல்தான்.

"நீ வெளிய நில்லுடா, நாங்க பாத்துட்டு வந்து மாத்தி விடுறோம்" என்றான் சேலம். மாற்றி விடுவதென்றால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும் என்பது அவன் உள்ளே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நடைபாதை விளிம்பில் மூன்று பேர் மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து, உப்பில்லாத ரொட்டி ஒன்றைத் தின்றேன். அம்மா போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன். "போனாப் போகுது. நம்ம பெரிய கோயிலும் ஒரிஜினல்தான், நீ எத்தனை தடவை போயிருக்க?" என்றாள். பதிலுக்கு நான் எண்ண ஆரம்பித்தேன். இரண்டு. அதில் ஒன்று பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனது.

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் வேறு முகத்தோடு வந்தார்கள். நெல்லை, "அந்தக் கை நரம்பு இருக்கு பாரு..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டான். சேலம் போனில் படத்தைக் காட்டினான். "அதுவும் நகல்தான்" என்றேன்.

திரும்பும்போது ரயிலுக்கு ஓட வேண்டியதாகிவிட்டது. அவர்கள் இருவரும் ஓடிக்கொண்டே மெஷினில் டிக்கெட்டைக் குத்திவிட்டு ஏறிவிட்டார்கள். நான் குக்கரோடு கடைசிப் பெட்டியைப் பிடித்து, ஆட்டத்தில் நடந்து அவர்களிடம் போய்ச் சேர்ந்தபோது என் டிக்கெட் வெள்ளையாகவே இருந்தது. பரிசோதகர் வந்தார். மன்னிப்பு, மாணவன், அவசரம், பாரம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். டிக்கெட் விலையைப் போலப் பல மடங்கு. அழுத்தி எழுதி, கையெழுத்து வாங்கி, மேல்தாளைக் கிழித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, அடியில் இருந்த கார்பன் தாளை என்னிடம் நீட்டினார்.

சேலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் மட்டும் வழியில் வரும் எம்போலி ஸ்டேஷன் வரைக்கும் குலுங்கிக்கொண்டிருந்தது.