அடித்துத் திருத்திய ஒரு சொல்

சிங்கப்பூரில் தமிழ்ச் சிறுகதைப் பட்டறைகளை நடத்தத் தொடங்கிய காலத்தில், பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பதுதான் என் வேலை என்று எண்ணியிருந்தேன். பாலர் பள்ளி ஆசிரியர், தாதி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், ஓய்வு பெற்ற கப்பல் பட்டறை ஊழியர் எனப் பன்னிரண்டு பேர் சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு நூலக அறையில் கூடுவோம். 1993இல் தொடங்கிய தங்கமுனை விருது என்னும் சிங்கப்பூர் இலக்கியப் போட்டிக்கு எழுத வேண்டும் என்ற கனவோடு வருபவர்களும் அவர்களில் உண்டு.

அந்தத் தாதி எழுதிய கதையில், கணவனை இழந்து தோ பாயோ குடியிருப்புப் பேட்டையில் தனியே வாழும் ஒரு பெண்ணிடம் எதிர்வீட்டு அம்மா தினமும் நடைபாதையில் நின்று, "பசியாறிட்டியா?" என்று கேட்பார். தமிழ்நாட்டில் வளர்ந்த நான் அந்தச் சொல்லை அடித்து, "காலை உணவு சாப்பிட்டாயா?" என்று மேலே எழுதிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் தாளை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கப்பல் பட்டறை ஊழியர்தான் மெல்லச் சொன்னார்: "எங்க வீட்டுல காலையில இப்படித்தான் தம்பி கேப்போம்." சிங்கப்பூர், மலேசியத் தமிழில் பசியாறுதல் என்றால் காலை உணவு உண்பது என்பதைக்கூட அறியாமல், அந்த எதிர்வீட்டு அம்மாவின் வாயிலிருந்த சொல்லை நான் பிடுங்கியிருந்தேன். அடுத்த இரண்டு வாரங்கள் தாதி வரவில்லை.

அதன்பிறகு என் வாசிப்பு முறையை மாற்றிக்கொண்டேன். முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடுவதில்லை. இரண்டாம் வாசிப்பில் நான் நின்ற இடம், குழம்பிய இடம், வேகமாகத் தாண்டிய இடம் ஆகியவற்றை மட்டும் குறிக்கிறேன். ஒரு சொல் எனக்குப் பழக்கமில்லாததா அல்லது கதைக்குப் பொருந்தாததா என்று தெரியாதபோது, அருகில் ஒரு கேள்விக்குறி போடுகிறேன். அதை எழுதியவரிடமே கேட்டுவிடலாம்.

நம் கூட்டங்களில் கடுமையை விடவும் பெரிய சிக்கல் "அருமை" என்ற சொல்தான் என்று நினைக்கிறேன். மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறக்கும் அந்தச் சொல், எழுதியவரை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. குறையைப் பெயர் சொல்லிச் சுட்டுவது நமக்குப் புதிதன்று. நன்னூலின் பாயிரம் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. இலக்கண நூலை மனத்தில் வைத்துச் சொன்னவைதான் என்றாலும், மிகைபடக் கூறல் (தேவைக்கு மேல் சொல்வது), மற்றொன்று விரித்தல் (சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது), சென்று தேய்ந்து இறுதல் (போகப் போக நலிந்து முடிவது) ஆகிய மூன்றையும் பலகையில் எழுதிப் போட்டபோது, தங்கள் கதை எங்கே சறுக்கியது என்று பங்கேற்பாளர்கள் தாங்களே விரல் வைத்துக் காட்டினார்கள்.

விவாதம் முடியும் வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது பல பட்டறைகளில் வழக்கம். எங்கள் அறையில் அதைச் சற்றே தளர்த்தினேன்: எழுதியவர் முதலில் ஒரு கேள்வி கேட்கலாம், பேச்சு அதிலிருந்து தொடங்கும்.

மூன்றாம் வாரம் திரும்பி வந்த தாதி கேட்ட கேள்வி, "அவளுடைய துக்கம் உங்களுக்குத் தெரிந்ததா?" என்பதுதான். கதையில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருந்தன. "அவருடைய காலணிகள் வாசலிலேயே கிடந்தன, அவள் தினமும் அவற்றைத் தாண்டித்தான் வேலைக்குப் போனாள். அந்த அளவுக்கு அவள் துயரத்தில் மூழ்கியிருந்தாள்." பாலர் பள்ளி ஆசிரியர் சொன்னார்: "காலணியைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வரி வந்ததும், நானே கண்டுபிடித்ததை யாரோ முந்திக்கொண்டு சொன்னதுபோல் இருந்தது." அவர் அந்த வரியை நீக்கச் சொல்லவில்லை, அது தன்னை என்ன செய்தது என்று மட்டும் சொன்னார். நான் கற்றுக்கொடுக்க முயன்றது அதைத்தான்.

தாதி சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாவது வரியின் மேல் தானே ஒரு கோடு இழுத்தார். பிறகு பக்கத்தைத் திருப்பி, நான் முன்பு அடித்திருந்த இடத்தில் "பசியாறிட்டியா?" என்று மை பேனாவால் மீண்டும் எழுதினார்.