தோட்ட வீடும் தோட்டக் கூலியும்

தொழிலாளர் பொருளியலின் முதல் பாடத்தில், தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கூலி நிர்ணயமாகிறது என்று கற்பிக்கிறார்கள். கூலி கட்டுப்படியாகாத தொழிலாளி வேறிடம் போய்விடுவார் என்பதே அந்தப் படத்தின் அடிப்படை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டிக்குப் போவதற்கு வேறிடம் ஏது? தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் வீட்டையும் காலி செய்ய வேண்டும், பிள்ளைகளின் பள்ளியும் மாறும். பக்கத்துத் தோட்டத்தில் சில காசுகள் கூடுதலாகக் கிடைத்தாலும், அதற்காகக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போக எத்தனை பேரால் முடியும்?

இந்த நிலைக்குப் பொருளியலில் மோனாப்சனி என்று பெயர். 1933இல் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் இதை விரிவாக ஆராய்ந்தார். உழைப்பை வாங்குபவர் ஒருவராகவோ, அவரை விட்டு விலகுவது கடினமாகவோ இருந்தால், உழைப்பாளி ஈட்டித் தரும் மதிப்பைவிடக் குறைவாகவே கூலி கொடுத்தாலும் எல்லோரும் விலகிவிட மாட்டார்கள்.

பாட்டி காண்டா வாளிகளில் (தோளில் வைக்கும் கம்பின் இரு முனையிலும் தொங்கும் வாளிகள்) சுமந்து வந்த பாலை ஸ்டோரில் எடை போட்ட பிறகு, தோட்டக் கணக்கரான கிராணி அதில் கொஞ்சம் எடுத்து, அடர்த்தி காட்டும் கருவியை மிதக்கவிட்டு, எத்தனை கிலோ உலர் ரப்பர் தேறும் என்று கணக்கிட்டு எழுதிக்கொள்வாராம். வாங்குபவரே அளந்தார், வாங்குபவரே விலை சொன்னார். மழை நாளில் வெட்டும் இல்லை. பின்னர் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோயின. எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் அருமை, இந்தப் பாடத்தைப் படித்த பிறகுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது.

குறைந்தபட்சச் சம்பளம் வேலைவாய்ப்பைக் குறைக்கும் என்ற வாதமும் அந்த முதல் பாடத்துப் படத்திலிருந்தே வருகிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992இல் அதை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் அங்குள்ள துரித உணவகங்களை அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் உணவகங்களோடு ஒப்பிட்டார்கள். வேலைவாய்ப்பு குறைந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. முதலாளியின் பிடி வலுவாக உள்ள சந்தையில், ஓரளவு வரை கூலியை உயர்த்தினால் வேலைக்கு வருவோர் கூடவும் செய்வார்கள் என்பது மோனாப்சனி கோட்பாட்டின் முடிவு.

மலேசியத் தீபகற்பத்தில் 2013இல் 900 ரிங்கிட்டாக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட்டாகியிருக்கிறது. இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் இன்று தோட்டங்களில் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை அறுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய வேலை பெர்மிட் ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பாட்டியை லயத்து வீடு கட்டிப்போட்டதுபோல் இவர்களை அந்தப் பெர்மிட் கட்டிப்போடுகிறது. முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை இல்லாதவருக்குச் சட்டம் தரும் சம்பளத்தையாவது முழுமையாகக் கேட்டுப் பெறும் துணிவு எங்கிருந்து வரும்? இறுதியாண்டு ஆய்வேட்டில் இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.