கார்பைக் குறைப்பதா, கலோரியைக் குறைப்பதா: இரண்டு முறையிலும் கொழுப்பைக் குறைத்த அனுபவம்

உடலில் சேர்ந்த கொழுப்பைக் குறைக்கப் போகிறேன் என்று சொன்னவுடன் எனக்குக் கிடைத்த ஆலோசனைகள் இரண்டே வகையில் அடங்கின. கார்ப் எனப்படும் மாவுச்சத்து மிகுந்த சோறு, இட்லி, சர்க்கரை ஆகியவற்றை நிறுத்திவிட்டால் போதும், மற்றதை வயிறு நிறையச் சாப்பிடலாம் என்றது ஒரு தரப்பு. எதைச் சாப்பிட்டாலும் சரி, ஒரு நாளின் மொத்தக் கலோரி குறைந்தால்தான் கொழுப்பு கரையும் என்றது மறுதரப்பு. தானியத்தையும் சர்க்கரையையும் தவிர்க்கும் பேலியோ முறையில் எடை குறைத்த என் தம்பி முதல் தரப்பு. "அக்கா, சோத்தை நிறுத்து, அது போதும். கணக்கெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்காதே" என்பது அவனுடைய உறுதியான கருத்து. மருத்துவமனையின் டயட்டீஷியன் இரண்டாம் தரப்பு.

என் நிலைமை இதுதான்: வயது நாற்பதுகளின் நடுப்பகுதி, உயரம் 156 சென்டிமீட்டர், எடை 74 கிலோ, இடுப்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டர். இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ) 23ஐத் தாண்டினால் அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடல் பருமன் என்றும், பெண்களின் இடுப்பு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் மருத்துவர்கள் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். எனக்குக் குறியீடு 30. வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை என்று எழுதியிருந்தார்கள். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அதற்கு மேலும் பலன் கிடைக்கும் என்று மருத்துவர் விளக்கினார். எனவே எனக்குத் தேவைப்பட்டது ஏழு கிலோவுக்குச் சற்று அதிகமான குறைப்பு. இரண்டு முறைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்பற்றி, தொடக்கத்திலும் இடையிலும் இறுதியிலும் இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மருத்துவர் இதற்குச் சம்மதித்தது நான் எந்தச் சர்க்கரை மாத்திரையும் எடுத்துக்கொள்ளாததால்தான். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரைகளை எடுப்பவர்களும் மாவுச்சத்தைத் திடீரென நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகளோடு கடுமையான கார்ப் குறைப்பைச் சேர்த்தால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தில் மிகுந்து அமிலத்தன்மை ஏற்படும் ஆபத்தும் உண்டு. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

முதலில் கார்ப் குறைப்பு. காலையில் இட்லிக்குப் பதில் ஆம்லெட், மதியம் சோற்றுக்குப் பதில் கீரையும் மீனும் தேங்காய் போட்ட பொரியலும், இரவில் பனீர் அல்லது கோழி. முதல் வாரத்திலேயே எடை மூன்று கிலோ அளவுக்கு இறங்கியது. வீட்டில் எல்லோரும் வியந்தார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல. நம் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜன் என்ற வடிவில் ஏறத்தாழ அரைக் கிலோ வரை மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் மூன்று முதல் நான்கு கிராம் நீர் பிணைந்திருக்கிறது. மாவுச்சத்து வருவது நின்றதும் அந்தச் சேமிப்பு செலவாகி, நீரும் சிறுநீராக வெளியேறுகிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. ஒரு வாரத்தில் மூன்று கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் நாளொன்றுக்கு 3,300 கலோரி பற்றாக்குறை வேண்டும். நான் முழுப் பட்டினி கிடந்தாலும் அது நடக்காது.

அதன் பிறகு வந்த வாரங்களில் குறைந்தது உண்மையான கொழுப்புதான். இடுப்பளவும் அதற்கேற்பக் குறைந்தது. ஏன் குறைந்தது என்பதைக் கவனித்தேன். புரதம் மிகுந்த உணவு நெடுநேரம் பசியைத் தள்ளிப்போட்டது. அதோடு, மாலையில் காபியுடன் வரும் முறுக்கு, பிஸ்கட், மிக்சர், திருமண வீட்டு ஜாங்கிரி எல்லாமே மாவும் சர்க்கரையும் என்பதால் ஒரே விதியில் அத்தனையும் நின்றுபோயின. நான் கலோரியை எண்ணவில்லை. ஆனால் கலோரி குறைந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு ஒரு கட்டத்தில் எடை அசையாமல் நின்றது. அப்போது பேலியோ நண்பர்களின் பழக்கப்படி காலை உணவு நூறு பாதாம் என்று மாறியிருந்தது. இடையில் ஒரு வெண்ணெய்த் தேநீர். நூறு பாதாம் என்பது ஏறத்தாழ 120 கிராம், அதாவது 700 கலோரி. தேநீரில் போட்ட 30 கிராம் வெண்ணெயில் 200 கலோரிக்கு மேல். இரவில் 200 கிராம் பனீர் சேர்த்தால் இன்னொரு 550 அல்லது 600. மதியப் பொரியலில் விழும் தேங்காயையும் எண்ணெயையும் கூட்டினால் என் உடல் நாளொன்றுக்குச் செலவழிக்கும் 1,800 கலோரியை இந்த உணவு சரியாக ஈடுகட்டிவிடுகிறது. தட்டில் ஒரு பருக்கை சோறு கிடையாது. சிறுநீரில் கீட்டோன் இருப்பதைப் பரிசோதனைப் பட்டை காட்டுகிறது. உடல் கொழுப்பைத்தான் எரிக்கிறது. ஆனால் எரிவது காலையில் சாப்பிட்ட பாதாமின் கொழுப்பு. இடுப்பில் இருக்கும் கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கொழுப்பை எரிப்பது வேறு, உடலில் இருக்கும் கொழுப்பைக் குறைப்பது வேறு என்பது எனக்கு மிகத் தெளிவாகப் புரிந்தது இந்த இடத்தில்தான்.

இந்த வேறுபாட்டை அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் நேரடியாகவே அளந்திருக்கிறார். 2015இல் வெளிவந்த ஆய்வில், உடல் பருமன் கொண்ட 19 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, ஒருமுறை மாவுச்சத்தை மட்டும் குறைத்தும் மறுமுறை கொழுப்பை மட்டும் குறைத்தும், இரண்டு முறையும் கலோரியை 30 சதவீதம் வெட்டினார். மாவுச்சத்தைக் குறைத்தபோது இன்சுலின் இறங்கியது, கொழுப்பு எரிவதும் கூடியது. ஆயினும் உடற்கொழுப்பு அதிகம் குறைந்தது உணவில் கொழுப்பைக் குறைத்தபோதுதான். அது ஆறு நாள் ஆய்வு என்பதால் நீண்ட கால முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. நீண்ட காலத்துக்கு 2018இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 609 பேரில் ஒரு பாதியினர் கொழுப்பையும் மறுபாதியினர் மாவுச்சத்தையும் ஓராண்டு குறைத்தார்கள். இரு பிரிவினருக்கும் சர்க்கரையையும் மைதாவையும் தவிர்த்துக் காய்கறிகளை நிறையச் சாப்பிடச் சொன்னார்கள். கலோரிக்கு வரம்பு விதிக்கவில்லை. கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6.0 கிலோவும் குறைந்தன. அந்த வேறுபாட்டுக்குப் புள்ளியியல் முக்கியத்துவம் இல்லை, அதாவது அது தற்செயலாகவும் வந்திருக்கலாம். அதற்கும் முன், 2009இல், 811 பேரிடம் மொத்தக் கலோரியில் மாவுச்சத்தின் பங்கை 35 சதவீதத்திலிருந்து 65 சதவீதம் வரை மாற்றி நான்கு வகை உணவுகளை இரண்டாண்டுகள் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் எடைக்குறைப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

இடையில் எடுத்த இரத்தப் பரிசோதனை இருவிதமாகப் பேசியது. 240 ஆக இருந்த ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 150க்கு இறங்கியது மகிழ்ச்சி. மாவுச்சத்தைக் குறைப்பதன் பெரிய நன்மை இது. ஆனால் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 128இலிருந்து 165க்கு ஏறியிருந்தது. வெண்ணெயும் தேங்காயும் கூடினால் சிலருக்கு இப்படி ஏறுவதுண்டு என்று சொன்ன மருத்துவர், இரண்டாவது முறைக்கு மாறச் சொன்னார்.

கலோரிக் கணக்குக்காக டயட்டீஷியனிடம் போனபோது, சோற்றைப் பற்றித்தான் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டதோ வேறு. "உங்க வீட்டுல மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்கம்மா? எத்தனை பேர் சாப்பிடுறீங்க?" நான்கு பேருக்கு நான்கு லிட்டர் என்றேன். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம், கிராமுக்கு 9 கலோரி வீதம் 8,200 கலோரி. அதை முப்பதால் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 270 கலோரி. தட்டில் எங்குமே தெரியாத இந்தக் கலோரி, இரண்டு கரண்டி சோற்றுக்கு நிகர். எனக்கு அவர் விதித்த வரம்பு 1,400 கலோரி. அதாவது நாளொன்றுக்கு 400 பற்றாக்குறை, மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ கொழுப்பு.

சமையலறைக்கு ஒரு சிறிய மின்னணுத் தராசு வாங்கினேன். முதல் வேலையாக, வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்குச் சோற்றைப் போட்டுத் தட்டை அதில் வைத்தேன். குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்றும் சேர்ந்து 380 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி என்றால் ஏறத்தாழ 490. அடுத்தது தோசை. கல்லைச் சுற்றி ஊற்றும் எண்ணெயை ஸ்பூனால் அளந்தபோது ஒரு தோசைக்கு 10 மில்லி, அதாவது 80 கலோரி; மூன்று தோசைக்கு எண்ணெய் மட்டுமே 240. மாமியாருக்கு முதலில் இந்த அளவைப் பிடிக்கவில்லை. சமைக்கும் கையைச் சந்தேகப்படுவதாக நினைத்தார். "அத்தை, உங்க கையை அளக்கலை, என் தட்டைத்தான் அளக்கிறேன்" என்று சொல்லி, தாளிப்புக்கு ஸ்பூன் வைத்துக்கொள்ளச் சம்மதிக்க வைத்தேன். மாத எண்ணெய் இரண்டு லிட்டருக்கு வந்தது. சமையலின் ருசியில் யாரும் குறை சொல்லவில்லை. இந்த ஒரு மாற்றத்தில் மட்டும் நாளொன்றுக்கு 135 கலோரி மிச்சம்.

அளப்பது அவசியமா என்று பலர் கேட்கிறார்கள். சில வாரங்களாவது அவசியம் என்பேன். 1992இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், 1,200 கலோரிக்குள் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தபோது, அவர்கள் தாங்கள் உண்பதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துக் கூறியிருந்தது தெரியவந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணளவு அவ்வளவுதான் துல்லியம்.

இந்த முறையின் கடினமான பகுதி பசி. முதலில் எல்லா உணவையும் அதே விகிதத்தில் சிறிதாக்கினேன்: ஐந்து இட்லிக்குப் பதில் மூன்று, 380 கிராம் சோற்றுக்குப் பதில் 250. கணக்கு சரியாக வந்தது; ஆனால் காலை பதினொரு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் கை நடுங்கும் அளவுக்குப் பசித்தது. வரம்பை மாற்றாமல் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றினோம். சோறு 150 கிராம், விட்ட இடத்தில் இரண்டு முட்டை அல்லது மீன், மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல், தட்டில் பாதிக்குக் காய். அதே 1,400 கலோரிதான். பசி பெருமளவு அடங்கிவிட்டது. கார்ப் குறைப்புக்கு உண்மையான மதிப்பு இருக்கும் இடம் இதுவே என்று நான் கருதுகிறேன். கொழுப்பு குறைவதைத் தீர்மானிப்பது கலோரிப் பற்றாக்குறை. நம் ஊர்த் தட்டில் அந்தப் பற்றாக்குறையைப் பட்டினி இல்லாமல் உண்டாக்க வெட்ட வேண்டிய இடம் பெரும்பாலும் மாவுச்சத்து. இந்தியர்களின் உணவில் ஏறத்தாழ 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று சென்னையின் சர்க்கரை நோய் மருத்துவர் மோகன் குழுவினர் பங்குபெற்ற நாடு தழுவிய ஆய்வு 2025இல் சொல்லியிருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமோ, தானியங்களிலிருந்து 45 சதவீதத்துக்கு மேல் கலோரி வேண்டாம் என்று 2024 வழிகாட்டியில் கூறுகிறது. மேற்கத்திய ஆய்வில் மாவுச்சத்து மிகுந்த உணவு என்று பெயரிடப்படுவது நம்மில் பலருக்கு அன்றாடச் சாப்பாடு.

அதற்காக மாவுச்சத்துதான் பசியைத் தூண்டுகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. ஹால் குழுவின் 2021 ஆய்வில், கொழுப்பு குறைந்த, மாவுச்சத்து மிகுந்த தாவர உணவைப் பசிக்கேற்பச் சாப்பிட்டவர்கள், மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய கீட்டோ உணவு சாப்பிட்டபோதைவிட நாளொன்றுக்குச் சுமார் 690 கலோரி குறைவாகவே உண்டார்கள். காய், பயறு, கிழங்கு, முழுத்தானியம் என்று வரும் மாவுச்சத்து வேறு. எண்ணெயில் பொரித்த முறுக்கோடு வரும் மாவுச்சத்து வேறு.

இறுதிப் பரிசோதனையில் எடை 66 கிலோ, இடுப்பு 86 சென்டிமீட்டர், எல்டிஎல் 130, ட்ரைகிளிசரைடு 145. ஸ்கேனில் கல்லீரல் இயல்பு நிலை என்று வந்தது. இப்போது 66 கிலோ உடலுக்கு முன்பு போல் 1,800 கலோரி தேவைப்படுவதில்லை. எடையைத் தக்கவைக்க 1,600 அளவில் நிறுத்தியிருக்கிறேன். தசை கரையாமல் இருக்க வாரத்தில் சில நாள் எடை தூக்கும் பயிற்சியும் தினமும் நடையும் சேர்ந்திருக்கின்றன. சோற்றைத் தினமும் அளப்பதில்லை, அதற்கென ஒரு கிண்ணம் இருக்கிறது. எண்ணெயை மட்டும் இன்றும் ஸ்பூனால்தான் ஊற்றுகிறோம். தம்பி இன்னமும் சோறு தொடாமல்தான் இருக்கிறான், அவனுக்கு அது ஒத்துப்போகிறது. ஆனால் பாதாமை எண்ணிச் சாப்பிடும்படி சொல்லியிருக்கிறேன்.