தங்கூசியும் ஈயக்குண்டும் போதும்: நடைபாதையில் பனோரமா

பல படங்களை ஒட்டிச் செய்யும் அகலப் படமான பனோரமாவில் மரம் இரண்டாகப் பிளந்து தெரிவதற்கு மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம். போனை அரை மீற்றர் நீட்டிப் பிடித்து உடம்பைத் திருப்பும்போது, 30 பாகைக்கே லென்ஸ் ஏறக்குறைய 26 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுகிறது. திருகோணமலைக் கோணேசர் மலை உச்சியில் நின்று கடலை எடுத்தால் இது தெரியாது, எல்லாம் தூரத்தில்தான். கோட்டைக்குள்ளால் கோயிலுக்கு ஏறும் பாதை அப்படியல்ல. ஒரு மீற்றரில் இருக்கும் வேர், லென்ஸ் 5 சென்ரிமீற்றர் விலகினாலே பின்னணியிலிருந்து 3 பாகை தள்ளிப் போகும். பிறகு எந்த மென்பொருளாலும் ஒட்ட முடியாது.

ஆகவே லென்ஸ் நின்ற இடத்திலேயே சுழல வேண்டும். அதற்கு ட்ரைபொட் தேவையில்லை. போனை நிமிர்த்திப் பிடித்து, இறுக்கமான ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி, அதில் தங்கூசியை, அதாவது மீன்பிடி நைலோன் நூலை, கட்டுங்கள். தங்கூசி 1x லென்ஸுக்கு (சாதாரணப் பிரதான லென்ஸ்) நேர் கீழே தொங்க வேண்டும். மூன்று லென்ஸ் உள்ள போனில் பலர் பிழைவிடுவது இங்கேதான். நுனியில் 100 கிராம் ஈயக்குண்டு, நிலத்திலிருந்து ஒரு விரல் உயரத்தில். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் இன்னும் பாரமானதைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும்.

கீழே மட்டை ஒன்றை வைத்து, மணிக்கூட்டு முகம் போல 12 கோடுகள் கீறுங்கள். குண்டு நடுப்புள்ளியை விட்டு அசையாமல் நீங்கள் அதைச் சுற்றி நடந்து, கோட்டுக்கு ஒரு படம் எடுங்கள். நிமிர்த்திய போனின் 1x லென்ஸ் அகலவாக்கில் சுமார் 50 பாகை பார்க்கும். 30 பாகைக்கு ஒன்று எடுத்தால் 20 பாகை ஒன்றன்மேல் ஒன்று விழும். ஹகின் என்ற இலவச மென்பொருள் ஒட்டுவதற்கு அது தாராளம்.

முதல் படத்துக்கு முன்பே ஃபோகஸ், வெளிச்சம், வைட் பலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் பூட்டிவிடுங்கள். மர நிழலிலிருந்து கடல் வெளிச்சத்துக்குத் திரும்பும்போது ஓட்டோவில் விட்டால் வானம் பட்டை பட்டையாக வரும். வெளிச்சத்தை வானத்தை வைத்தே அளவெடுங்கள். கறுத்த நிழலைப் பிறகு ஓரளவு தூக்கலாம், வெளுத்துப்போன வானத்தை மீட்க வழியில்லை.

கோட்டை மான்கள் அசைந்தால் தலை ஒரு படத்தில், உடல் இன்னொன்றில் என்று வரும். அந்தக் கோட்டில் மட்டும் இரண்டு மூன்று படம் எடுத்து, மான் முழுதாக உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை ஹகினில் மாஸ்க் போட்டு மறையுங்கள். வெறும் கடல் உள்ள படங்களும் தொல்லைதான்: அலை நகர்வதால் பொருத்தும் புள்ளிகள் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றிலும் பாறையோ கரையோ கொஞ்சமாவது விழும்படி நில்லுங்கள்.

பெரிய கமராவுக்கு அலுமினிய எல் பட்டையில் தாங்கி செய்வோர் கால் அங்குல, அங்குலத்துக்கு 20 புரியுள்ள போல்ட்டையே கேட்டு வாங்குங்கள். 6 மில்லிமீற்றர் போல்ட் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் முறுக்கினால் கமராவின் புரி தேய்ந்துவிடும்.