டி.சி. கையில் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லை

பள்ளி மாற்ற டி.சி. வாங்கிவிட்டால் போதும், மீதி தானாக நடக்கும் என்று நம்பி யாரும் மூட்டை கட்டிவிடாதீர்கள். நான் அப்படித்தான் ஊருக்கு வந்தேன். நவம்பர் 24-ம் தேதி மகளைப் புதுப் பள்ளியில் சேர்த்தேன். அவள் பெயர் அந்தப் பள்ளியின் பட்டியலில் ஏறியது ஜனவரி 9 சாயங்காலம். நடுவில் ஒன்றரை மாதம் நான் பட்ட பாடு இன்னொரு தாய்க்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் தேவகோட்டைக்கு வர வேண்டியது திடீரென்று வந்தது. ஐப்பசி மழையில் வளவு (வீட்டின் நடு முற்றம்) முழுக்கத் தண்ணீர். மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கணவர் சிங்கப்பூரில். அத்தனை பெரிய வீட்டில் அவரைத் தனியாக விட முடியுமா? சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளோடு வந்துவிட்டேன்.

இங்கே கன்னியர்கள் நடத்தும் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி வீட்டிலிருந்து நடக்கிற தூரம். என் நாத்தனார்கள் படித்ததும் அங்கேதான். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் எங்களைப் போன்றவர்கள்தான். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கும்போது மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு. சேர்க்கையில் ஒரு சிக்கலும் இல்லை. டி.சி., ஆதார், பிறப்புச் சான்று, சாதிச் சான்று நான்கையும் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியை சிஸ்டர், "நாளைக்கே அனுப்புங்கம்மா" என்றார். கட்டணம் கிடையாது. காலை உணவும் அங்கேயே. 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் அந்தத் திட்டம் வந்துவிட்டது.

பத்து நாள் கழித்து சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். "பிள்ளையோட எமிஸ் நம்பர் இன்னும் பழைய பள்ளியிலேயே இருக்கும்மா. அவங்க விடுவிச்சாத்தான் நான் எடுக்க முடியும்."

எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு, அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர். அந்த நம்பர் எல்லோருக்கும் தெரியும், டி.சி.யிலேயே இருக்கும். ஆனால் டி.சி. கொடுத்த கையோடு பழைய பள்ளி அந்த நம்பரைக் கணினியில் 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும், புதுப் பள்ளி அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ள முடியும் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பொத்தானை அவர்கள் தட்டாதவரை டி.சி. வெறும் தாள்தான். என் மகள் தேவகோட்டையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அரசாங்கக் கணக்கில் இன்னும் சென்னையில் இருந்தாள்.

பழைய பள்ளிக்கு ஃபோன் செய்தேன். மூன்று நாளும் "இன்னைக்குப் பண்ணிடுறோம் மேடம்". நான்காம் நாள், நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எதற்குக் கையெழுத்து என்று கேட்டேன். "நடைமுறை மேடம்."

டிசம்பர் 10. மாமியாரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சொல்லிவிட்டு, விடியற்காலை நாலு மணிக்கு ஆட்டோ பிடித்துக் காரைக்குடி ஜங்ஷன் போய், பல்லவன் ஏறினேன். சென்னையில் இறங்கி அந்தப் பள்ளி அலுவலகத்துக்குப் போய்ச் சேர மணி ஒன்றரை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையைத் தூக்காமலே, எமிஸ் பார்ப்பவர் இன்று விடுப்பு என்றார். நான் வருவதை முந்தின நாள் ஃபோனில் சொல்லியிருந்தேன். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டார். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. அது என் தவறு. யாரோடு பேசினாலும் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தோழி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்தேன். எமிஸ் பார்ப்பவர் இருந்தார். கணினியைத் திறந்து மகளின் பக்கத்தை எடுத்தார். அவள் புகைப்படம், பெயர், எல்லாம் திரையில் தெரிகிறது. கை மவுஸில் இருக்கிறது. அப்புறம், "மூணாவது டேர்ம் ஃபீஸ் பாக்கி காட்டுது மேடம், அக்கவுண்ட்ஸ்ல ஒரு வார்த்தை" என்று எழுந்து போனார். வரவே இல்லை. கணக்குப் பிரிவில் விசாரித்தால், வருடத்தின் நடுவில் போகிறவர்கள் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும் என்றார்கள். ஜனவரியில் தொடங்கும் பருவத்துக்கு, நவம்பரிலேயே டி.சி. வாங்கிய பிள்ளைக்குக் கட்டணம்! எழுத்தில் கொடுங்கள் என்றேன். மாட்டார்களாம். நானும் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் கை நடுங்குவது தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பினால் அங்கே இன்னொரு பிரச்சினை.

இந்தப் பள்ளியில் அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் வராது. திங்கள் காலை வழிபாட்டில் கொடியேற்றி, தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடி, குறள் சொல்லி முடிந்ததும் அந்த வாரத்து அறிவிப்பை சிஸ்டர் வாசிப்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலம் என்பதால் டிசம்பர் முழுக்கத் திங்கள்தோறும் ஒரு மெழுகுவர்த்தி வேறு. மூன்று ஊதா, ஒன்று ரோஸ், ரோஸ் மூன்றாவது வாரம்தான் என்று மகள் வந்து எனக்குச் சொல்லித் தந்தாள். அது போக, தினமும் மாலை மணி அடிக்கும் முன் டீச்சர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் டைரியில் எழுதிக்கொள்ள வேண்டும். என் மகள் சென்னையில் ஆங்கில வழி. தமிழ் வாசிப்பாள், வேகமாக எழுத வராது. அவள் டைரியில் இருந்ததெல்லாம் பாதிப் பாதி. 'சனி பள்' என்று ஒரு நாள். மழைக்கு விட்ட விடுமுறைக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி உண்டு என்பது அது. எனக்குப் புரியவில்லை, அனுப்பவில்லை, வருகைப் பதிவு போனது.

நான் சென்னையில் இருந்த 11-ம் தேதி எழுதியிருந்தது இது: '22 தி கொட் கே வி'.

பிள்ளைக்கே என்னவென்று நினைவில்லை. அரையாண்டுத் தேர்வு தொடங்கிய 15-ம் தேதிதான் வாசலில் இன்னொரு தாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 22-ம் தேதி திங்கள்கிழமை கிறிஸ்துமஸ் குடில் ஜோடிக்கிறார்கள். ஆளுக்கொரு கொட்டாங்கச்சியில் கேப்பை விதைத்து, முளைத்த பயிரோடு கொண்டுவர வேண்டும். மாட்டுத் தொழுவத்தைச் சுற்றிப் புல்வெளிக்கு அதுதான். மற்ற பிள்ளைகள் எல்லோரும் நாலு நாள் முன்பே விதைத்துவிட்டார்கள்.

சிஸ்டரிடம் போய், இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் போட்டால் என்ன என்று கேட்டுவிட்டேன். சென்னையில் பட்ட கோபம் அவர்மேல் இறங்கியது. அவர் கோபப்படவில்லை. "போட்டா நீங்க படிப்பீங்கம்மா. அவ எழுதப் பழகணும்ல?" என்றார். எனக்கு அப்போது அந்தப் பதில் பிடிக்கவில்லை.

கேப்பை விஷயத்தைச் சரிசெய்தது மாமியார். இரண்டாங்கட்டில் கட்டிலில் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டவர், "முளைப்பாரிதானே? இதுக்கா இவ்வளவு?" என்றார். அவர் சொல்லச் சொல்ல மகளும் நானும் செய்தோம். கேப்பையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வடித்து ஈரத்துணியில் முடிந்து அடுப்பங்கரையில் வைத்தோம். மறுநாள் வெள்ளைப் புள்ளியாக முளை கட்டியிருந்தது. கொட்டாங்கச்சியில் செம்மண்ணோடு கொஞ்சம் மக்கின எருவைக் கலந்து, முளையைத் தூவி, மேலே மெல்லிய மண். அப்புறம் அதைக் கூடையால் மூடி இருட்டறையில் வைக்கச் சொன்னார். இருட்டில்தான் வேகமாக உயரும். தண்ணீரை ஊற்றாமல் கையால் தெளிக்க வேண்டும். 20-ம் தேதி கூடையைத் தூக்கினால் விரல் உயரத்துக்கு வெளிர்மஞ்சளாக நிற்கிறது. மகள் பதறிவிட்டாள். "வளவுல வெயில்ல ஒரு நாள் வை ஆத்தா" என்றார் மாமியார். மறுநாள் சாயங்காலம் பச்சை. 22-ம் தேதி அவள் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்து போனாள். நான் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். குடிலில் அவளுடையதை சூசையப்பர் சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார்களாம். வீட்டுக்கு வந்ததும் அப்பத்தாளிடம்தான் முதலில் சொன்னாள்.

பட்டியலில் பெயர் இல்லாமலேயே சிஸ்டர் அவளை அரையாண்டுத் தேர்வு எழுத வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வேறு ஒருவராக இருந்தால் நம்பர் வரட்டும் என்று சொல்லியிருப்பார். அவர்தான் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைப் பற்றியும் சொன்னார். 2009-ம் ஆண்டுச் சட்டத்தின் 5-வது பிரிவு: அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறும் பிள்ளைக்குப் பழைய பள்ளி உடனே டி.சி. கொடுக்க வேண்டும், டி.சி. தாமதமானாலும் அதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. கட்டண பாக்கி வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக்கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போயிருந்தால் அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் அப்படி நின்றிருக்க மாட்டேன்.

விடுமுறை விட்டதும் முதல் வேலையாக 14417-க்கு ஃபோன் செய்தேன். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, புகாரை எழுத்திலும் அனுப்பச் சொன்னார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. நான் முதலில் மனுவை வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதி வைத்திருந்தேன். தனியார் பள்ளி என்றால் அது போக வேண்டிய இடம் வேறு: மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்), அதுவும் பழைய பள்ளி இருக்கும் மாவட்டத்தில். மாற்றி எழுதினேன். டி.சி. நகல், புதுப் பள்ளியில் சேர்ந்த தேதி, எமிஸ் எண், நான் நேரில் போன இரண்டு நாளும் நடந்தது, எல்லாம் ஒரே பக்கத்தில். தபால் நிலையத்தில் ரிஜிஸ்டர் போஸ்ட் கேட்டேன். 2025-லேயே அது ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டதாம். ஸ்பீட் போஸ்டில் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்தினேன். ஒரு நகலைப் பழைய பள்ளி முதல்வருக்கும் அனுப்பினேன். வேலை செய்தது அந்த நகல்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

விடுமுறைக்குள்ளேயே பிள்ளையார் நோன்பும் வந்துபோனது. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள். மாமியாரால் உட்கார முடியாது என்பதால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இழை (மாவில் வைத்து ஏற்றும் நூல் திரி) எடுத்துக்கொண்டோம்.

ஜனவரி 5 பள்ளி திறந்தது. மூன்றாம் பருவப் புத்தகங்கள் கொடுத்தார்கள். வகுப்பில் எல்லோருக்கும் உண்டு, என் மகளுக்கு மட்டும் இல்லை. புத்தகம் பட்டியல் கணக்குக்குத்தான் வந்திருந்தது. அவள் அழவில்லை. "நாளைக்கு வந்துரும்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள், அது எனக்குத்தான் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தை வாங்கி முதல் இரண்டு பாடத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். ஜனவரி 9, வெள்ளிக்கிழமை, மணி ஐந்தரை இருக்கும். சிஸ்டரே ஃபோன் செய்தார். "பூல்ல வந்துருச்சும்மா, எடுத்துட்டேன்." பழைய பள்ளியிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. கட்டணத்தைப் பற்றியும் பேச்சில்லை. திங்கள்கிழமை புத்தகம் வந்தது.

உங்கள் பிள்ளையை மாற்றுகிறீர்கள் என்றால், டி.சி. வாங்கும் அன்றே அந்த மேசையை விட்டு நகராமல் எமிஸில் விடுவித்துவிட்டார்களா என்று திரையைப் பார்த்துக் கேளுங்கள். டி.சி.யில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்றும் அங்கேயே ஒப்பிடுங்கள். என் மகளுக்கு அப்பத்தாள் பெயர். ஆதாரில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடிவிட்டது, அந்தத் திருத்தம் இன்னும் பாக்கி. போகும்போது கைரேகையும் புதுப்பித்துவிடலாம் என்று இருக்கிறேன். 2025 அக்டோபர் 1 முதல் ஓராண்டுக்கு 7 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு அதற்குக் கட்டணம் இல்லை.

டைரி விஷயத்தில் சிஸ்டர் சொன்னதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். பொங்கல் விடுமுறை முடிந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் மாமியார் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய அறிவிப்பை மகள் வாசித்துக் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். விட்டுப்போனால் அவர் கேள்வி கேட்டே கண்டுபிடித்துவிடுவார். ஓரியூரில் 1693-ல் தலை வெட்டப்பட்ட கத்தோலிக்கத் துறவி அருளானந்தரின் நாள் வந்ததை நேற்று அப்படித்தான் தெரிந்துகொண்டோம். டைரியில் இருந்தது இது: 'பிப்ரவரி 4 புதன். புனித அருளானந்தர் திருநாள். காலை 8 மணிக்கு வரவும். பூ கொண்டு வரவும்.' ஓர் எழுத்தும் விடவில்லை. என்ன பூ என்று மாமியார் கேட்டார். அதை டீச்சர் சொல்லவில்லையாம். செவ்வந்தி வாங்கி வைத்திருக்கிறேன்.